கோம்பையில் எடுத்த படம்

உத்தமபாளையம், 1937 அக்டோபர் 5

மழை. இருட்டறையின் மூலையில் மறுபடியும் ஒழுகுகிறது. சட்டியை வைத்திருக்கிறேன். சொட்டுச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்காரி இருதயம்மாள், "உள்ளுக்க என்னத்தக் காச்சுறீக?" என்று கேலி பண்ணுகிறாள்.

புரட்டாசி முடிகிறவரை கல்யாணம் கிடையாது. கல்யாணம் இல்லையென்றால் என் ஸ்டுடியோவில் ஈதான் உட்கார்ந்திருக்கும். இன்று வந்த ஒரே மனுஷர் ஒரு கணக்குப்பிள்ளை. போன மாதம் எடுத்த படத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். தன் முகம் இத்தனை கறுப்பில்லையாம். ஆண்டவரிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்டால் நான் என்ன செய்ய? பென்சிலால் தேய்த்து வெளுப்பாக்கிக் கொடுத்தேன். சந்தோஷமாகப் போனார்.

அக்டோபர் 6

மழை. யாரும் வரவில்லை.

அக்டோபர் 8

பெட்டி போய்விட்டது. கேமரா, லென்ஸ், கறுப்புத் துணி, பிளேட்டுகள், எல்லாம். மூணுகால் ஸ்டாண்டு மட்டும் வண்டியில் கிடந்தது. அத வச்சு நான் என்ன செய்ய, கொடிகட்டி வேட்டி காயப்போடவா?

நாளைக்கு எழுதுறேன்.

அக்டோபர் 9

எழுதினால்தான் மண்டை தெளியும் போலிருக்கிறது.

நேற்று விடிகாலையில் ராக்கையா வண்டி கட்டிக்கொண்டு வந்தான். கோம்பையில் சாவு, போட்டா எடுக்க வேண்டும் என்றான். இந்தப் பக்கத்தில் இது வழக்கம்தான். உயிரோடு இருக்கும்போது படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று என்னைக் கண்டால் ஒதுங்கிப் போவார்கள். கண்ணை மூடியபிறகு நாற்காலியில் உட்காரவைத்து, மாலை போட்டு, ஆளனுப்பிக் கூப்பிடுவார்கள். பாதிச் சனத்தோடு எனக்குப் பழக்கமே அந்த ஒருநாள்தான்.

செத்தவன் பெயர் கருத்தக்கண்ணன். சின்ன வயசு. ஏலமலைக்குக் கூலிக்குப் போய், மலைக்காய்ச்சலோடு டோலி கட்டி இறக்கியிருக்கிறார்கள். உயிரோடு வீடு வந்து சேரவில்லை. அப்பன் இல்லாத பையன், ஒரே மகன். தாய் மாயக்காள் அழுதுகொண்டிருந்தவள், நான் பெட்டியைத் திறந்ததும் அழுகையை நிறுத்திவிட்டு வந்தாள்.

"போட்டாக்காரரே, நல்லா விழுகணும். என்கிட்ட அவன் முகம் வேற எதுலயும் இல்ல. ஆயுசு கொறையும்னாக, எடுக்காம வச்சிருந்தேன். எங்கன நெறஞ்சுச்சு ஆயுசு?"

இரண்டு பிளேட் எடுத்தேன், ஒன்று கெட்டாலும் ஒன்று இருக்கட்டும் என்று. இருட்டறைக்கு வந்து மருந்தில் போட்டால்தானே கண்ணாடியில் படம் எழும்? அதுவரை அது வெளிச்சம் படாமல் இருட்டுச் சட்டத்துக்குள் அடைந்து கிடக்க வேண்டியதுதான்.

திரும்பும் வழியில் சந்தைக் கூட்டம். புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினோம். ராக்கையா வைக்கோல் விலை கேட்கப் போனான். நான் ஒரு காப்பி குடித்துவிட்டு வந்தேன். ஒரே ஒரு காப்பி! அதுவும் வெந்நீர் மாதிரி இருந்தது. வந்து பார்த்தால் வண்டிக்குள் சாக்கும் ஸ்டாண்டும்தான் கிடக்கின்றன.

கேமரா போனால் என் பிழைப்பு போயிற்று. அது தெரிகிறது. ஆனால் ராத்திரி முழுக்க அந்த இரண்டு பிளேட்டுதான் கண்ணுக்கு முன்னால் நின்றது. அந்தப் பையனை நேற்றே எரித்துவிட்டார்கள். இனி யாரை உட்காரவைத்து எடுப்பது?

அக்டோபர் 10, ஞாயிறு

பூசையில் மனம் நிற்கவில்லை. காணாமல்போனதைக் கண்டுபிடித்துத் தருகிற அந்தோணியார் பெயரைத்தான் ஸ்டுடியோவுக்கு வைத்திருக்கிறேன். அவர் கடைச் சாமானே களவு போயிருக்கிறது. இருதயம்மாள் அவருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்திருக்கிறாள். "கிண்டல் பண்ணாதீக, கேட்டுக்கிட்டிருக்காரு" என்கிறாள்.

அக்டோபர் 12

மாயக்காளிடமிருந்து ஆள் வந்தது. கருமாதியன்றைக்குப் படத்துக்கு மாலை போட வேண்டுமாம். மழையில் காயவில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

வாய் கூசாமல் வருகிறது பொய்.

அக்டோபர் 14

ராக்கையா தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். அவனுக்கும் உறுத்தல். "போலீசுக்குப் போயிராதீக. போனா பெட்டி கெணத்துக்குள்ள போயிரும். துப்புக்கூலி குடுத்தா வந்துரும். நான் ஒருத்தரைப் பாக்கேன்" என்றான்.

மாடு களவுபோனால் துப்புக்கூலி கொடுத்து மீட்பதைக் கேட்டிருக்கிறேன். திருடினவன் யார் என்று கேட்கக் கூடாது. நடுவில் இருக்கிறவர் திருடனும் இல்லை, நமக்குச் சொந்தக்காரரும் இல்லை. எங்கோ கிடந்ததாகச் சொல்லிக் கொண்டுவந்து தருவார். மாட்டுக்கு நடக்கிறது கேமராவுக்கு நடக்குமா? கேமரா புல் தின்னாது என்பதைத் தவிர வித்தியாசம் ஒன்றுமில்லை என்கிறான் ராக்கையா.

அக்டோபர் 15

ராக்கையா சொன்ன ஆளைப் பார்த்தேன். பெயர் முத்துவீரன். ஊர்ப்பெயரை எழுதப் போவதில்லை. வெள்ளை மீசை, நல்ல மரியாதை. மோர் கொடுத்து உட்காரவைத்தார். நாங்கள் முதலில் மழையைப் பற்றிப் பேசினோம். பிறகு சோளத்தைப் பற்றி. பெட்டியைப் பற்றி நான் எடுத்ததும், "பொருளு எங்கன இருந்தாலும் பத்திரமா இருக்கும். இந்த வெள்ளாமையில நாணயம்தான் மொதலு" என்றார்.

வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போயிருந்தேன். சட்டத்தைத் திறக்காதே என்று சொல்லலாமா? சொன்னால் உள்ளே தங்கம் இருக்கிறது என்று நினைத்து அன்றைக்கே திறந்துவிடுவான். வெளிச்சம் பட்டால் படம் போய்விடும் என்றால் யாருக்குப் புரியும்? அதனால் சுற்றி வளைத்துச் சொன்னேன்.

"அய்யா, பெட்டி நசுங்கினாக்கூட பரவாயில்ல. உள்ள இருக்கிற கண்ணாடிதான் எனக்கு உசுரு. அதை மட்டும் கண்ணா பாத்துக்கச் சொல்லுங்க."

"கண்ணாடிதானே? சொல்லிர்றேன். ஒரு கீறல் விழுகாது."

கூலி எவ்வளவு என்று இங்கே எழுத மாட்டேன். இருதயம்மாள் இந்த நோட்டைப் படிப்பாள். (படித்தால் என்ன, அவள் சங்கிலிதானே அது. கேட்காமலே கழற்றிக் கொடுத்தாள். என்னால்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.)

அக்டோபர் 18

ஒன்றுமில்லை. வெயில்கூட அடிக்கிறது. மழையைச் சாக்குச் சொல்ல இனி முடியாது.

அக்டோபர் 20

ராக்கையா வந்தான். "பெட்டி ஆம்பிட்டுருச்சாம்" என்றான், வேறொன்றும் அவனுக்குத் தெரியவில்லை.

சட்டத்தைத் திறந்திருக்க மாட்டார்கள். பித்தளைக் கொக்கி இறுக்கமானது. எனக்கே நகம் பெயரும். திறந்திருக்க மாட்டார்கள். ஒருவேளை ஒன்றைத் திறந்திருந்தாலும் இன்னொன்று இருக்குமே. அதற்குத்தானே இரண்டு எடுத்தேன்? மருந்தெல்லாம் கலக்கி வைத்துவிட்டேன். சிவப்பு விளக்குக்கு எண்ணெய் ஊற்றியாயிற்று. ஆண்டவரே, ஒன்று போதும்.

அக்டோபர் 22

பெட்டி வந்துவிட்டது.

முத்துவீரன் தாமே கொண்டுவந்தார். லென்ஸ் இருக்கிறது. துணி இருக்கிறது. துவைத்து மடித்து வைத்திருக்கிறார்கள்! பித்தளையெல்லாம் புளி போட்டு விளக்கி, கோவில் மணி மாதிரி மின்னுகிறது. ஒரு திருகாணி குறையவில்லை.

கண்ணாடிகளைத் தனியே ஒரு புது வேட்டித் துணியில் சுற்றி, நடுநடுவே வைக்கோல் வைத்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

"நீங்க சொன்னதச் சொன்னேன். கண்ணாடிதான் அவுகளுக்கு உசுருன்னேன். பொம்பளையாளுக எடுத்துப் பாத்தா, எல்லாத்துலயும் பாலாடை மாதிரி ஒரே அழுக்கு. எப்படித்தான் வச்சிருந்தீகளோ! வெந்நிய ஊத்தி, சாம்பல் போட்டுத் தேச்சாகளாம். உரிஞ்சு வந்துருச்சு. இப்பப் பாருங்க."

பார்த்தேன். படம் பிடித்துவைக்கிற பூச்சே அந்தப் பாலாடைதான். எடுத்ததும் எடுக்காததும், அத்தனை பிளேட்டும் ஜன்னல் கண்ணாடியாக இருந்தது. அந்தப் பக்கம் நின்ற முத்துவீரன் மீசை தெளிவாகத் தெரிந்தது.

திட்ட முடியுமா? அந்த மனுஷர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் சந்தோஷப்படுவேன் என்று. "ரொம்ப உபகாரம்" என்றேன். நிஜமாகவே சொன்னேன். இருதயம்மாள் காப்பி போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டுப் போனார்.

உசுருன்னு எதுக்குடா சொன்ன? வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா அந்தச் சட்டம் ஒரு மூலையில சாக்கு மூடிக் கெடந்திருக்குமே. எவனும் தொட்டிருக்க மாட்டானே. நானே ஆளனுப்பித் தொடைக்கச் சொன்ன மாதிரி ஆயிருச்சே.

அக்டோபர் 23

மருந்தைக் கீழே ஊற்றினேன்.

அக்டோபர் 24

கோம்பைக்குப் போனேன். நாளைக்குக் கருமாதி. உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். சாட்சிக்குக் கண்ணாடிகளையும் எடுத்துக்கொண்டேன்.

சொன்னேன். பெட்டி களவுபோனது, திரும்பி வந்தது, படம் அழிந்தது, எல்லாம். மாயக்காள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அவள் முழுசாகக் கேட்டுவிட்டு, "இதுலயா இருந்தான்?" என்றாள்.

"ஆமா."

"எதுல?"

எல்லாம் ஒன்றுபோல இருக்கின்றன. எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? கை தானாக ஒன்றை எடுத்துக் கொடுத்தது. இரண்டு கையையும் ஏந்தி வாங்கினாள். சீலைத் தலைப்பால் துடைத்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள்.

"நாளாக நாளாகத் தெரியுமா?"

தெரியும் என்று சொல்லவில்லை. தெரியாது என்றும் சொல்லவில்லை.

நவம்பர் 9

கல்யாணம், சின்னமனூரில். புதுப் பிளேட்டுகள் மதுரையிலிருந்து வந்துவிட்டன. மாப்பிள்ளை கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருந்தான். படம் சுமார். துலக்கிய லென்ஸைப் பார்த்துவிட்டு எல்லோரும் புதுக் கேமராவா என்று கேட்கிறார்கள்.

டிசம்பர் 2

ஒரு சாவுக்குக் கூப்பிட்டார்கள். பிளேட் தீர்ந்துவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இருதயம்மாள் அலமாரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அடுப்படிக்குப் போய்விட்டாள்.

டிசம்பர் 25

பாலன் பிறப்பு. கேக் இல்லை, பணியாரம். வருகிற வருஷமாவது சங்கிலியை மீட்க வேண்டும்.

1938 ஜனவரி 19

மத்தியானம் ஒரு சின்னப் பெண் வாசலில் நின்றாள். கழுத்து மூளி, பாதிச் சீலைக்குள் முகம். உள்ளே வரச் சொன்னேன்.

"நான் கோம்பை. மாயக்கா மருமக, சுப்புத்தாயி." கருத்தக்கண்ணன் பெண்சாதி. படம் எடுத்த அன்றைக்குப் பெண்கள் கூட்டத்துக்குள் எங்கேயோ இருந்திருப்பாள்; நான் பார்க்கவில்லை. அப்பன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போகிறார்களாம். அண்ணன்காரன் பஸ் விசாரிக்கப் போயிருந்தான்.

"அந்தக் கண்ணாடிய அத்தை செவுத்துல மாட்டிருக்காக. தெனமும் காலையில தொடச்சுப் பாக்காக. அது வெறுங் கண்ணாடிதானேண்ணே?"

"ஆமா ஆத்தா."

"தெரியும். அத்தைட்டச் சொல்லல."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. ஏதோ கேட்க வந்திருக்கிறாள் என்று தெரிந்தது. தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அவுக முகத்த நான் நல்லாப் பாத்ததே இல்லண்ணே. தாலி கட்டயில குனிஞ்சே இருந்தேன். மறுமாசம் மலைக்குப் போயிட்டாக. எப்பவாச்சும் வந்தாலும் வீடு நெறைய ஆளு, அத்தை முன்னால நிமுந்து பாக்க முடியுமா? செத்த அன்னைக்கும் கண்ணு பூராத் தண்ணி. படம் வரட்டும், ஆற அமரப் பாத்துக்கலாம்னு இருந்தேன். நீங்க துணிக்குள்ள தலையக் குடுத்து ரொம்ப நேரம் பாத்தீகளே. எப்படி இருந்தாகன்னு சொல்லுங்க."

என்ன சொல்ல? கேமராவுக்குள் ஆள் தலைகீழாகத்தான் விழுவான். நான் என்ன முகத்தையா பார்த்தேன்? மூக்குப் பஞ்சு தெரிகிறதா, தலை சாய்கிறதா, பின்னால் கட்டின கயிறு வெளியே வருகிறதா என்று பார்த்தேன். கண்ணை மூடி யோசித்தால் சட்டையின் மேல் பொத்தான் ஞாபகம் வருகிறது. அதற்கு மேலே ஒன்றுமில்லை.

அவளிடம் எப்படி அதைச் சொல்ல?

"நெத்தி நல்லா அகலம்" என்றேன்.

"ஆமாண்ணே."

"புருவம் அடர்த்தி."

"ஆமா, ஆமா."

பிறகு தாடை, மூக்கு, காது, ஒவ்வொன்றாக வாய்க்கு வந்ததைச் சொன்னேன். எங்கேயாவது இல்லை என்பாள், நிறுத்திவிடலாம் என்று பார்த்தேன். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றாள். அவளுக்கும் தெரியவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள், நான் சொல்லச் சொல்ல உதடு மட்டும் முணுமுணுத்தது.

வெளியே அண்ணன்காரன் கூப்பிட்டான், பஸ் வந்துவிட்டது என்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசல் வரை போனவள் நின்றாள்.

"அந்த மூக்க மட்டும் இன்னொரு தரம் சொல்லுங்கண்ணே."

முதலில் என்ன சொன்னேன் என்று எனக்கு ஞாபகம் வரவில்லை.