கடைசிப் பக்கத்தில் ரயில் நிற்கவில்லை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானேதான் எழுதுகிறேன். கவர் மேல் இருக்கும் விலாசமும் என் கைப்பட எழுதியதுதான். இதற்கு முன் வந்த பதினான்கு கடிதங்களின் மேல் இருந்தது, இங்கே எனக்கு எழுதித் தரும் கம்பவுண்டரின் எழுத்து. அது உனக்குப் பார்த்ததும் தெரிந்துவிடும். என் எழுத்து உனக்குத் தெரிய வழியில்லை. எனக்கே அது மூன்று வருஷமாகத்தான் பழக்கம். யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்து நீ பிரித்திருந்தால், அந்த ஏமாற்றுக்கு மன்னித்துவிடு. ஜெயில் முத்திரை கவரின் பின்பக்கம் விழும். நீ முன்பக்கத்தைப் பார்த்து வாங்கியிருக்க வேண்டும். திருப்பிப் பார்த்திருந்தால் இந்த வரியை நானும், கடிதங்களைப் படித்து அனுப்பும் அதிகாரியும் மட்டும்தான் படித்திருப்போம்.

இதை எழுத எனக்கு ஒன்பது நாள் ஆகிறது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கவர் ஒட்டும் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பதினோரு வருஷமாக இதே மேஜையில் ஆபீஸ் கவர்கள் ஒட்டுகிறேன். அதன் மேல் என்ன அச்சடித்திருக்கிறது என்று தெரியாமலே லட்சம் கவராவது ஒட்டியிருப்பேன். 'அவசரம்' என்று அடித்திருக்கிறது. அவசரமான எத்தனை கவரை வெயிலில் காயப் போட்டுவிட்டு நான் தூங்கியிருக்கிறேன் தெரியுமா. சாப்பாட்டுக் கொட்டகை வாசலில் பெரிதாக ஒரு போர்டு உண்டு. ஏதோ சாமி வாசகம் என்று நினைத்து தினமும் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போவேன். எழுத்துக் கூட்டத் தெரிந்த அன்று முதலில் படித்தது அதைத்தான். 'இங்கே எச்சில் துப்பாதீர்' என்று இருந்தது. எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. இப்போதும் கும்பிடுகிறேன், பழக்கம் விடவில்லை.

இங்கே நடக்கும் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் ஒரு டீச்சர் வெளியிலிருந்து வருகிறார். உன் வயதுதான் இருக்கும். எட்டாம் வகுப்புக்குச் சமமான பரீட்சைக்கு எங்களைத் தயார் செய்கிறார். பதினாறு பேர் படிக்கிறோம், நான்தான் மூத்தவன். கம்பவுண்டர் டீச்சருக்கு ஒத்தாசை. வெளியில் மருந்துக்கடை வைத்திருந்தவர், படித்தவர். எங்களுக்குக் கடிதம் எழுதித் தருவதும் வந்ததை வாசித்துச் சொல்வதும் அவர்தான்.

இந்த வருஷம் பரீட்சைக்கு ஒரு நாவல் வைத்திருந்தார்கள். ரொம்பப் பழைய அமெரிக்க நாவல், தமிழில் மாற்றியது. பதினாறு பேருக்கும் ஒரே புத்தகம். டீச்சர் வாசிப்பார், நாங்கள் கேட்போம். அமெரிக்கா என்றதும் எங்களோடு படிக்கும் சமையல் மாஸ்டர், "நம்ம கஷ்டமே தலைக்கு மேல கெடக்கு, வெள்ளைக்காரன் கஷ்டம் நமக்கெதுக்கு டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய்ச் சாய்ந்துகொண்டார். இரண்டாவது வாரமே முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

கதை இதுதான். ஒரு மாவு மில்காரன். மனைவி இல்லை, ஒரே மகள். மகளின் புருஷன் குடித்துவிட்டு அவளை அடிப்பவன். ஆற்றின் மேல் ஒரு மரப்பாலம் இருக்கிறது, அவன் தினமும் அதைக் கடந்துதான் வீட்டுக்கு வர வேண்டும். அப்பன் ஒருநாள் போய்ப் பாலத்தின் பலகையைப் பாதி அறுத்து வைத்துவிடுகிறான். மருமகன் ஆற்றில் விழுந்து சாகிறான். யாருக்கும் தெரியவில்லை, மகளுக்கு மட்டும் தெரிந்துவிடுகிறது. அவள் ஒன்றும் பேசாமல் ரயில் ஏறிப் போய்விடுகிறாள். அதற்கப்புறம் சனிக்கிழமைதோறும் அப்பன் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு ஸ்டேஷனில் போய் நிற்கிறான்.

இதை எழுதும்போது என் கை நிற்கிறது. கேட்கும்போது எப்படி இருந்திருக்கும் என்று நீயே நினைத்துக்கொள். வகுப்பில் இருந்த எல்லோருக்கும் என் கேஸ் தெரியும். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை, அவ்வளவு மரியாதை.

எல்லோரும் அப்பன் கட்சிதான். "பெத்தவன் வயிறு எரிஞ்சா பலகை என்ன, பாலத்தையே அறுப்பான்" என்றார் மாஸ்டர். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அப்போது டீச்சர் ஒரு கேள்வி கேட்டார். "அந்தப் பொண்ணு அப்பாகிட்ட அப்படிச் செய்யச் சொல்லிக் கேட்டாளா?" என்றார். "கேட்டாத்தான் செய்யணுமா டீச்சர்" என்று மாஸ்டர் இழுத்தார். பூனை என்று எங்களில் ஒருவன் உண்டு, ஓடு பிரித்து வீட்டுக்குள் இறங்குகிற திருடன். அவன் தலையைச் சொறிந்துகொண்டே, "அவ புருஷன் செத்ததுக்காக ஊரை விட்டுப் போகல மாஸ்டர். அப்பன் மூஞ்சியில முழிக்க முடியாமப் போனா" என்றான். மாஸ்டர் அவனை, "திருட்டுப் பயலுக்கு நியாயத்தப் பாரு" என்று திட்டினார். நான் திட்டவில்லை.

பதினோரு வருஷமாக எல்லோரிடமும், 'என் பொண்ணுக்காகச் செஞ்சேன்' என்றுதான் சொல்லிவந்தேன். கோர்ட்டிலும் அதைத்தான் சொன்னேன். அன்றைக்கு மரக்கடையில் லோடு இறக்கிவிட்டு நேராக உன் வீட்டுக்கு வந்தேன். கையில் ரீப்பர் கட்டை இருந்தது. உன் கன்னம் வீங்கியிருந்தது. உனக்கு அப்போது ஐந்து மாதம். நீ வாசலை மறித்துக்கொண்டு, "நீங்க போங்கப்பா, நான் பாத்துக்கறேன்" என்றாய். உன்னைத் தாண்டித்தான் உள்ளே போனேன். நீ கேட்டது அது ஒன்றுதான். டீச்சர் கேள்வி கேட்கும் வரை அந்த வார்த்தை என் காதில் விழுந்ததாகவே எனக்கு நினைப்பில்லை.

கடைசி அத்தியாயம் படிக்க வேண்டிய வியாழக்கிழமை டீச்சரின் குழந்தைக்குக் காய்ச்சல், அவர் வரவில்லை. கம்பவுண்டர் எடுத்து வாசித்தார். சனிக்கிழமை. அப்பன் ஸ்டேஷனில் நிற்கிறான். ரயில் வந்து நிற்கிறது. மகள் கையில் பெட்டியோடு இறங்கி, "வீட்டுக்குப் போகலாம்ப்பா" என்கிறாள். மாஸ்டர் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு அழுதார். பூனை விசில் அடித்து, வார்டர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அன்று நான் தரையில் நடக்கவே இல்லை.

பரீட்சை நெருங்கியதும் புத்தகத்தை ஆளுக்கு ஒரு வாரம் கொடுத்தார்கள். மூத்தவன் என்று முதலில் எனக்கு. முழுவதும் படிக்க முடியாது என்று கடைசி அத்தியாயத்தை மட்டும் விரல் வைத்துப் படித்தேன். அதில் ரயில் நிற்கவில்லை. ஜன்னலோரம் மகள் உட்கார்ந்திருக்கிறாள், பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறாள், நிமிரவில்லை. ரயில் போய்விடுகிறது. அப்பன் சட்டைப் பித்தானைச் சரி செய்துகொண்டு வீட்டுக்கு நடக்கிறான், அவ்வளவுதான். புதுசாகப் படிக்கிறவன், தப்பாகப் படித்துவிட்டேன் என்று நினைத்து நாலு தடவை படித்தேன். பிறகு பூனையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். அவன் வாயிலும் ரயில் நிற்கவில்லை.

அப்புறம்தான் உன் கடிதங்களை எடுத்தேன். நீ எழுதியதாக நான் வைத்திருந்த பதினான்கு கடிதங்கள். பாஸ் பண்ணிய அன்று நானே படிக்க வேண்டும் என்று நூல் கட்டி வைத்திருந்தேன். முதல் கடிதத்தை எடுத்தேன். 'அன்புள்ள அப்பாவுக்கு' என்று இருக்கும் என்று நினைத்துக் கூட்டினேன். 'அன்புள்ள மகளுக்கு' என்று இருந்தது. அடியில் என் கட்டைவிரல் ரேகை. பதினான்கும் அப்படித்தான். நான் சொல்லச் சொல்லக் கம்பவுண்டர் எழுதிய கடிதங்கள். கவர் மேல் தபால்காரர் எழுதியது: 'வாங்க மறுத்துவிட்டார். அனுப்பியவருக்குத் திருப்புக.'

அவரிடம் போய்க் கேட்டேன், சண்டைக்குப் போகவில்லை. அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "மொதக் கடிதம் திரும்பி வந்தப்பவே சொல்லத்தான் வந்தேன் பெரியவரே. நீங்க கையைத் தொடைச்சிக்கிட்டு, 'படிங்க, படிங்க'ன்னு நின்னீங்க. வாயில வேற ஏதோ வந்துடுச்சு. அப்புறம் நிறுத்த முடியல" என்றார். என் பேத்தி என்று ஒருத்தியைப் பற்றி அவர் வாசிப்பாரே, முன்பல் விழுந்தது, கண்ணாடி போட்டது, சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கை உரசிக்கொண்டது. அதெல்லாம் யார் என்று கேட்டேன். "எம் பொண்ணு. வீட்டுலேர்ந்து எழுதறதுல பாதிய உங்களுக்கு வாசிப்பேன்" என்றார். அதற்கு மேல் நான் என்ன கேட்பது. தன் வீட்டுச் சோற்றில் பாதியை எனக்குப் போட்டிருக்கிறார் மனுஷன்.

ஆனால் மகளே, உன்னிடம் பொய் சொல்லக் கூடாது. கவர் ஒட்டுகிறவன் நான். என் மடிப்பு எனக்குத் தெரியும். இடது மூலையை ஒரு நூல் அளவு கூடுதலாக மடிப்பேன், இங்கே வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. உன் கடிதம் என்று வந்த ஒவ்வொரு கவரிலும் அந்த மூலை இருந்தது. ஒருமுறை கம்பவுண்டரிடம் கேட்டும் விட்டேன். "கவர் எல்லா ஊர்லயும் ஒரே மாதிரிதான் பெரியவரே" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். என்னை ஏமாற்றியது அவர் ஒருவர் மட்டும் இல்லை.

அடுத்த வகுப்பில் கடைசிப் பக்கத்தை நான் உரக்க வாசித்தேன், டீச்சர் இருந்தார். இல்லாவிட்டால் எல்லோரும் பரீட்சையில் ரயில் நின்றது என்று எழுதிவிடுவார்களே. நான் முழுசாக ஒரு பக்கம் நிறுத்தாமல் வாசித்தது அன்றுதான் முதல் தடவை. டீச்சர் கைதட்டினார், வேறு யாரும் தட்டவில்லை. மாஸ்டர் புத்தகத்தைப் பிடுங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அச்சடிச்சவன் தப்பா அடிச்சிருக்கான்" என்றார். பரீட்சையிலும் ரயில் நின்றது என்றே எழுதிவிட்டு வந்தார். "மார்க் போகுமே மாஸ்டர்" என்று டீச்சர் சொன்னதற்கு, "போகட்டும் டீச்சர், அந்தப் பொண்ணு எறங்கணும்" என்றார். அவர் ஃபெயில். நான் நிற்கவில்லை என்று எழுதினேன். பாஸ் ஆகிவிட்டேன். இந்த வயதில் பாஸ் என்ற வார்த்தைக்கு இவ்வளவு ருசி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது, உன்னிடம் சொல்கிறேன்.

இன்னொரு செய்தி. வயதானவர்களை முன்கூட்டி விடுவிக்க ஒரு பட்டியல் போடுகிறார்கள். வெளியே வந்தால் ஏற்றுக்கொள்கிற உறவினர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். நீ போடுவதாக எழுதியிருப்பதாய்க் கம்பவுண்டர் இரண்டு வருஷமாக வாசித்துக்கொண்டிருந்தார். போன திங்கட்கிழமை கடைசித் தேதி. படிவத்தை நானே பூர்த்தி செய்தேன். உறவினர் என்ற கட்டத்தில் 'யாரும் இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை என்று அதிகாரி சொன்னார். அதனால் கையெழுத்துக் கேட்க இந்தக் கடிதத்தை எழுதவில்லை. அந்தப் பட்டியல் போய்விட்டது, இனி நான் இங்கேதான். வெளியே வந்தாலும் எந்த வாசலில் போய் நிற்பது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பதினோரு வருஷம் எனக்கு ஒரு பேத்தி இருந்தாள். இப்போது அவள் கம்பவுண்டருடையவள் ஆகிவிட்டாள். உனக்குப் பிறந்தது என்ன என்று எனக்குத் தெரியாது. பெயர் வேண்டாம், போட்டோ வேண்டாம். ஆணா, பெண்ணா, அவ்வளவுதான்.

நீ ஓர் எழுத்துக்கூட எழுத வேண்டாம். அதிகாரி படித்து முத்திரை போட்ட பிறகு, "பசை உங்கிட்டதானே இருக்கு" என்று கவரை என்னையே ஒட்டச் சொல்வார். நுனியில் ஒரு பொட்டுப் பசைதான் வைப்பேன். நீ பிரித்தபோதே கிழியாமல் திறந்திருக்கும். லேசாக ஈரம் தொட்டு அமுக்கினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும், பார்த்தால் பிரித்ததாகவே தெரியாது. இத்தனை வருஷத் தொழிலில் அது ஒன்று எனக்கு உருப்படியாகத் தெரியும். மறுநாள் தபால்காரரிடம் வேண்டாம் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடு. நீ படித்தது ஒருவருக்கும் தெரியாது.

தாள்களை இரண்டாக மடித்து வைத்திருக்கிறேன். பெண் என்றால் மூன்றாக மடித்து வை. ஆண் என்றால் நான்காக மடி. இரண்டாகவே திரும்பி வந்தால், ரயில் நிற்கவில்லை என்று எடுத்துக்கொள்வேன். அந்தப் பக்கத்தைத்தான் நான் ஏற்கனவே நாலு தடவை படித்துவிட்டேனே.

நீ எழுதியதாக வாசித்த கடிதங்களெல்லாம் ஒரே மாதிரி முடியும். அதைத் திருப்பி உனக்கே சொல்கிறேன். வேளைக்குச் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள். பிள்ளை எதுவானாலும் நன்றாகப் படிக்கட்டும். நீங்கள் இரண்டு பேரும் நூறு வருஷம் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
அப்பா

(இந்த முறை ரேகை இல்லை, கையெழுத்து.)