சி பார்த்தாங்களா என்று கேட்டவருக்கு

அக்கா,

இன்று காலை குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறினேன். பக்கத்து சீட்டுப் பெண் நீலகிரித் தைலத்தைத் திறந்து நெற்றியில் தடவிக்கொண்டாள். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அந்தப் பெண் பாவம், என்னை ஒன்றும் செய்யவில்லை. பல்லாவரம் தாண்டிய பிறகுதான் தெரிந்தது, எரிச்சல் உங்கள் மேல். அந்த வார்டுக்குள் நீங்கள் வருவதற்கு முன்னால் உங்கள் தைல வாசனை வரும். வந்துவிட்டாள் என்று நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வோம்.

தொண்ணூறுகளின் கடைசி அது. மேற்குத் தாம்பரத்துக்கு அப்பால் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரி, மாடியில் குழந்தைகள் வார்டு. உங்கள் ஜெசிக்கும் என் செந்திலுக்கும் தலசீமியா. உடம்பில் ரத்தம் சரியாக ஊறாது, சில வாரத்துக்கொரு முறை வெளியிலிருந்து ஏற்றியாக வேண்டும். நம்மைப் போல இன்னும் சில அம்மாக்கள். குழந்தைக்குச் சொட்டுச் சொட்டாக இறங்கும்போது பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம். நீங்கள் டெலிபோன் ஆபீசிலிருந்து பர்மிஷன் போட்டு ஓடி வருவீர்கள். முதலில் நீங்களும் எல்லோரையும் போலத்தான் இருந்தீர்கள்.

ஏற்றிய ரத்தம் வழியாக ஜெசிக்கு ஹெபடைட்டிஸ் சி வந்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் மாறிப்போனீர்கள். யாரும் கேட்காமலே எங்களுக்குப் பாடம் நடத்த ஆரம்பித்தீர்கள். பாடமா அது? அதட்டல்.

"மஞ்சள் காமாலைன்னா கண்ணு மஞ்சளாகும்னு காத்திருக்காதீங்க. இது ஒண்ணுமே காட்டாது. பல வருஷம் சத்தமில்லாம இருந்து ஈரலைத் தின்னுரும். கீழாநெல்லியெல்லாம் இதுக்குக் கேக்காது. ரத்தப் பை மாட்டறதுக்கு முன்னாடி சி பார்த்தாங்களான்னு கேளுங்க!"

எங்களுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பயத்தை எங்கே கொட்டுவது? உங்கள் மகள் மேல் கொட்டினோம். ஜெசி பிஸ்கட்டைப் பாதியாக உடைத்துப் படப்பையிலிருந்து வரும் ஓர் அம்மாவின் பையனிடம் நீட்டினாள். அந்தம்மா அதைத் தட்டிவிட்டாள். "எம்புள்ளைக்கும் ஒட்ட வைக்காதம்மா, தூரப் போ!" பிஸ்கட் தரையில் கிடந்தது. நீங்கள் வார்டே அதிரக் கத்தினீர்கள்.

"தொட்டா வராது! எச்சில்ல வராது! ஒரே தட்டுல சாப்பிட்டா வராது! ரத்தத்தோட ரத்தம் கலந்தாதான் வரும். பயப்பட வேண்டியது அந்தப் பையைப் பார்த்து, என் பொண்ணைப் பார்த்து இல்ல!"

மறுவாரமே ஜெசியின் கட்டிலைக் குளியலறைப் பக்கம் தள்ளிப் போட்டார்கள். புகார் சொன்னது நாங்கள் எல்லோரும்தான்.

பிறகு அந்த மழைநாள். செந்திலுக்கு ரத்தம் மிகவும் இறங்கிப்போய் உதடெல்லாம் வெளுத்துவிட்டது. பையை மாட்டிவிட்டார்கள். ஊசி குத்தவேண்டியதுதான் பாக்கி. நீங்கள் வந்து கட்டிலுக்கும் நர்ஸுக்கும் நடுவில் நின்றீர்கள்.

"சி பார்த்தாங்களான்னு கேளு."

"எம்புள்ள துவண்டு கிடக்கான். உங்க சண்டையை வேற எங்கயாவது வெச்சுக்குங்கக்கா."

சத்தம் கேட்டு டாக்டர் வந்தார். "தேவையான டெஸ்ட் எல்லாம் பண்ணியாச்சு," என்றார்.

"அதுல சி உண்டா சார்?"

"சிஸ்டர், இந்தம்மாவை வெளியே அனுப்புங்க."

உண்டு என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். இல்லை என்று சொல்லியிருந்தாலும் வேறு வழியில்லை என்று ஏற்ற விட்டிருப்பேன். அந்த மனிதர் பதிலே சொல்லவில்லை. அப்போதுதான் செந்திலின் கையை நர்ஸிடமிருந்து இழுத்துக்கொண்டேன். "ஏத்த வேணாம்," என்றேன்.

"அப்போ கூட்டிட்டுப் போங்க. வழியில ஏதாவது ஆச்சுன்னா எங்க பொறுப்பு இல்ல," என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். படப்பைக்காரி என்னைப் பார்த்து, "பைத்தியக்காரி பேச்சைக் கேட்டு பெத்த புள்ளைய சாகடிக்கப் போறியா?" என்றாள். எனக்கும் அதே சந்தேகம்தான்.

பட்டணத்தில் சி பார்த்துக் கொடுக்கிற ரத்த வங்கி ஒன்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. தாம்பரத்தில் ரயில் பிடித்தோம். செந்தில் என் மடியில் கண்ணைத் திறக்காமல் கிடந்தான். எதிர் சீட்டில் நீங்கள். அங்கேயும் வாய் ஓயவில்லை. "அழாதே, அவனுக்குக் கேக்கும். காலைத் தேய்ச்சுவிடு."

"இவனுக்கு ஒண்ணு ஆச்சு, உங்களைச் சும்மா விடமாட்டேன்," என்றேன். நிஜமாகவே கொன்றுவிடுகிற கோபம்.

"விடாதே," என்றீர்கள். "என்னையும் விடாதே, அந்த டாக்டரையும் விடாதே. நான் விட்டதாலதான் ஜெசி இப்படி இருக்கா."

அன்று சாயங்காலம் சோதித்த ரத்தம் ஏறியது. செந்திலின் உதட்டில் சிவப்பு திரும்பியது. அவனையும் சோதித்தார்கள், சி இல்லை. நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்து கேவிக் கேவி அழுதீர்கள். சந்தோஷத்திலா, ஜெசியை நினைத்தா, நான் கேட்கவில்லை. கட்டிப்பிடிக்கவும் இல்லை. அன்றும் எனக்கு உங்களைப் பிடிக்கவில்லை அக்கா. இத்தனை வருஷம் கழித்து வேறு மாதிரி எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள்.

அந்தப் பழைய ஆஸ்பத்திரிக்கு நாம் இருவரும் பிறகு போகவேயில்லை. நீங்கள் மாரடைப்பில் போனபோது ஜெசி கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். சி-யைக் குணப்படுத்தும் மாத்திரை அப்போது இங்கே வரவில்லை. சில வருஷம் கழித்துத்தான் வந்தது. ஜெசி விடாமல் சாப்பிட்டாள். மாத்திரை முடிந்து எடுத்த ரத்தப் பரிசோதனையின் முடிவு வாங்க அவளோடு நான்தான் போனேன்.

இளவயது டாக்டர். தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நெகட்டிவ். வைரஸ் போயிடுச்சு. சந்தோஷமா வீட்டுக்குப் போங்க."

ஜெசி துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் எழுந்திருக்கவில்லை.

"சந்தோஷம் அப்புறம் படறோம் டாக்டர். இன்னொரு தடவை ரத்தம் எடுத்துப் பாருங்க."

"அவசியமே இல்லம்மா. வெளியே நிறைய பேர் காத்துக்கிட்டிருக்காங்க."

"இருக்கட்டும்," என்றேன். நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.