வல்லு என்றால் சூது

08.07.2025, செவ்வாய்
நிருபர் வேல்பாண்டி அழைத்தார். ராயப்பன்பட்டிப் பள்ளியில் என்னிடம் தமிழ் படித்தவர். உத்தமபாளையத்தில் பெரியவர்கள் சிலர் ஞாயிறுதோறும் கூடி ‘போர்டு கேம்’ ஆடுகிறார்களாம். அதைப் பற்றி எழுதுகிறாராம். “ஐயா, அதுக்கு ஒரு நல்ல தமிழ் வார்த்தை குடுங்க.” பழம்பாடல்களில் முதியோர் மன்றத்தில் அமர்ந்து ஆடும் ‘வல்லு’ நினைவுக்கு வந்தது. அவருக்கு விளங்கவில்லை. “வல்லு என்றால் சூது” என்று உரையும் கூறினேன். மனநிறைவான நாள்.

12.07.2025, சனி
நாளிதழில் என் சொல்லைக் காணவில்லை. உரை மட்டும் தலைப்பாகியிருக்கிறது: ‘ஜவுளிக்கடை மாடியில் ஞாயிறுதோறும் சூது’. வேல்பாண்டியைக் கேட்டேன். “ரெண்டும் எழுதித்தான்யா அனுப்புனேன். ஆபீஸ்ல வெட்டிட்டாக.”

13.07.2025, ஞாயிறு
ஓய்வுபெற்றபின் ஞாயிறுதோறும் உடன் பணிபுரிந்த நர்ஸ் நசீமாவைப் பார்க்கப் போகிறாள் என் மனைவி ஞானபாக்கியம் என்றே மூன்றாண்டுகளாக நினைத்திருந்தேன். இன்று வந்து, கைப்பையைக்கூட வைக்காமல் சொன்னாள்: “போலீஸ் வந்துச்சு.”

அந்த மாடியில் ஆடியவர்களுள் ஒருத்தி — இவளா? காசு கிடையாதாம், அட்டையில் பாதை போட்டு ஊர்களை இணைக்கும் ஆட்டமாம். செய்தியைப் பார்த்து வந்த காவலர்கள் ஆட்டப் பெட்டிகளை ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். கடைக்காரர் ஷானவாஸ் இனி மாடி இல்லை என்றுவிட்டார்.

“எனக்குன்னு இருந்தது அந்த ஒரு சாயங்காலம். எந்தப் படிச்ச முட்டாப்பய அந்த வார்த்தையக் குடுத்தான்? உங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது என்றேன். சாப்பிடும்போது மறுபடி கேட்டாள். தெரியாது என்றேன்.

14.07.2025, திங்கள்
காப்பி கொடுக்கையில் மூன்றாம் முறை. தெரியாது என்றேன். அடுத்த வீட்டுச் சேவல் கூவியது. செபமாலையை எடுக்கக் கை வரவில்லை.

17.07.2025, வியாழன்
அவள் பூசைக்கு வருவதில்லை. ஆலய வாசலில் எங்கள் பங்கைச் சேர்ந்த ஞானசிகாமணி கேட்டார்: “என்ன சார், வீட்டுல தாயம் நல்லா விழுகுதா?”

20.07.2025, ஞாயிறு
மூன்று மணிக்குப் பழக்கத்தில் சேலை மாற்றியவள், போக இடமின்றி நாற்காலியில் அமர்ந்துவிட்டாள். பார்க்க முடியவில்லை. “அந்தச் சொல்லைக் கொடுத்தது நான்தான்” என்றேன்.

நீயும்தான் மூன்றாண்டுகளாக மறைத்தாய் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே கேட்டாள்: “சொல்லியிருந்தா விட்டிருப்பீகளா?”

விட்டிருக்க மாட்டேன்.

22.07.2025, செவ்வாய்
வாழ்நாளில் முதன்முறையாகக் காவல்நிலையம் ஏறினேன். சூது என்னும் சொல்லின் பழம்பொருளை அரைமணி நேரம் எடுத்துரைத்தேன். “பெட்டிய எடுத்துட்டுப் போங்க பெரியவரே, எனக்குப் பந்தோபஸ்து இருக்கு” என்றார் ஆய்வாளர்.

25.07.2025, வெள்ளி
நாளிதழின் ஐந்தாம் பக்கத்தில் மூன்று வரித் திருத்தம். ‘வல்லு’ என்பதை ‘வல்லூறு’ என அச்சிட்டிருக்கிறார்கள்.

27.07.2025, ஞாயிறு
ஷானவாஸ் மனம் மாறவில்லை. நான்தான் எல்லோரையும் இங்கே அழைத்தேன். கூடத்தில் ஒன்பது பேர். நசீமா மஞ்சள் காய்களை என் முன் வைத்து, “சும்மா ஆடுங்க சார்” என்றார். மூன்றாம் சுற்றிலேயே என் பாதையை ஞானபாக்கியம் அடைத்துவிட்டாள். நிமிர்ந்து பார்த்தேன்.

“தெரியாம வச்சுட்டேங்க” என்றாள்.