ஒரு சைபர் சேர்

18-12-61
அரையாண்டுக் கணக்குத் தாள்கள், முதல் பாரம் (ஆறாம் வகுப்பு), நாற்பத்திரண்டு. இதுவரை இருபது திருத்தினேன். பதினாலு பேரிடம் ஒரே தவறு. ஒரு பாவாடைக்கு 2.5 மீட்டர் துணி என்றால் பத்துப் பாவாடைக்கு எவ்வளவு? 2.50 மீட்டராம்! ஒன்றுக்கும் பத்துக்கும் அதே துணி. யோசிக்கவே மாட்டார்களா? அக்டோபரிலிருந்து தசமம் தசமம் என்று தொண்டை வறள நடத்தியதெல்லாம் எங்கே போயிற்று? தலை வலிக்கிறது.

20-12-61
தாள்களைக் கொடுத்தேன். அம்முலு 32. மூன்று மதிப்பெண்ணில் தேறவில்லை. திருமுக்கூடலிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவள். வீட்டுக்கணக்கு போடாமல் ஒரு நாளும் வந்ததில்லை.

"இந்தத் துணியில பத்துப் பாவாடை தைக்கிற டெய்லர் யாருடி?" என்றேன். வகுப்பே சிரித்தது.

"நீங்கதானே டீச்சர் சொன்னீங்க, பத்தால பெருக்கினா ஒரு சைபர் சேத்துடுன்னு. சேத்துக்கீறேனே, பாருங்க."

எதிர்த்துப் பேசுகிறாள் என்று உட்காரச் சொன்னேன்.

21-12-61
அவள் நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஜூன் மாதப் பக்கத்தில், அடிக்கோடிட்டு, என் வாக்கியம்: 'பத்தால் பெருக்க, எண்ணின் வலப்பக்கம் ஒரு சைபர் சேர்.' நான் சொல்லச் சொல்ல எழுதியது.

ஜூனில் முழு எண்கள்தான். அப்போது பலித்தது. தசமம் வந்ததும் புள்ளியை நகர்த்தச் சொன்னேன். பழைய விதி இங்கே செல்லாது என்று சொன்னேனா? இல்லை. மனப்பாடமானதைத்தானே பிள்ளை எடுக்கும்? போதாததற்கு நான் கேலி வேறு பண்ணினேன்.

3-1-62
அம்முலுவின் அப்பா இருசப்பன் வந்திருந்தார். கூலி வேலை செய்பவர். "பெயிலானா ஆஸ்டல்ல வெச்சிக்க மாட்டாங்களாமே டீச்சரம்மா. தெனம் அவ்ளோ தூரம் நடந்தா வரும்? இட்டுக்கினு போயிடறேன். அறுப்புல அவங்கம்மாவோட நிக்கட்டும்."

பத்து நாள் பொறுக்கச் சொன்னேன்.

4-1-62
மறுதேர்வு வைக்க வேண்டும் என்று தலைமையாசிரியர் கிருஷ்ணசாமியிடம் கேட்டேன்.

"எதுக்கும்மா?"

"நான் அரைகுறையா சொல்லிக்குடுத்துட்டேன் சார்."

"பி.ஏ. கணக்கு படிச்சவங்க பேசற பேச்சா இது? உங்க பேரை ப்ரமோஷனுக்கு அனுப்பியிருக்கேன், ஞாபகம் இருக்கா?"

"தப்பு என்னுது சார்."

"அப்ப எழுத்துல குடுங்க. பைல்ல வெச்சுடறேன்."

ஆசிரியர் அறையில் ஞானசுந்தரி, "சைபர் சேருன்னு நானும் இருபது வருஷமா சொல்லிக்கினு கீறேன். எவ செத்தா?" என்றாள். அவள் வகுப்பிலும் அதே 2.50தான், போய்ப் பார்க்கட்டும்.

எழுதித் தரணுமாம்! நாற்பத்திநாலு வயசுல, எனக்குப் பாடம் நடத்தத் தெரியலைன்னு நானே... சே.

5-1-62
கொடுத்துவிட்டேன். நாலே வரி. மூன்று முறை கிழித்து எழுதினேன்.

9-1-62
ஜூன் பக்கத்து வாக்கியத்தை எல்லோரையும் அடிக்கச் சொன்னேன். "பரீட்சை முடிஞ்சப்புறம் அடிக்கச் சொல்றீங்களே டீச்சர்!" என்றாள் வகிதா. வாய்! ஆனால் அவள் கேட்டது நியாயம்தான்.

புதிதாக எழுதியது: 'பத்தால் பெருக்கினால் ஒவ்வோர் இலக்கமும் ஓரிடம் இடப்பக்கம் நகரும். ஒன்றாமிடம் காலியானால் மட்டும் அங்கே சைபர்.' இதைச் சொல்ல எனக்கு ஏழு மாதம் ஆயிற்று.

12-1-62
மறுதேர்வு. அம்முலு 51. இருசப்பனுக்கு ஆள் சொல்லி அனுப்பினேன்.

20-2-62
பதவி உயர்வுப் பட்டியல் வந்தது. என் பெயர் இல்லை.

6-3-62
பெருக்கலையும் வகுத்தலையும் ஒப்பிட்டுச் சொல்லும்போது, "பெருக்கினா எண் பெரிசாகும்" என்று வாயில் வந்துவிட்டது. கடைசி வரிசையில் ஒரு கை. அம்முலு.

"எல்லாத்துக்குமா டீச்சர்? அரையால பெருக்கினா?"

இந்தப் பெண் ஒரு வாக்கியத்தை முடிக்க விடுவதில்லை. நாற்பது நிமிஷத்தில் பாதி இவள் கேள்விக்கே போய்விடுகிறது. பாடம் எப்போது முடிப்பது?

பலகையைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன்.