வட்டத்தில் போட்ட கையெழுத்து

முத்தியால்பேட்டை,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் நெடுமாறனுக்கு அப்பா எழுதுவது. உன் அம்மாவும் நானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், துபாய் வெயிலில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். போனில் பேசினால் உன் தங்கை இனியா காதில் விழும், அதனால் லீவு முடிந்து நாளை அங்கே திரும்பும் நம் தெரு வெற்றிவேலிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பன்னிரண்டு மணி நேர ஷிப்டு வேண்டாம் என்று அவள் கம்பெனிப் பெண்கள் இருபத்து மூன்று பேர் மனு கொடுத்தது உனக்குத் தெரியும். யார் முதலில் போட்டது என்று தெரியக்கூடாதென்று கையெழுத்தை எல்லாம் வட்டமாகப் போட்டார்கள். பிரெஞ்சுக்காரன் காலத்தில் என் தாத்தா பக்கிரி ஆலையில் செய்ததுதான். வெள்ளிக்கிழமை மேனேஜர் இனியாவை மட்டும் கூப்பிட்டு, "கொள்ளுத்தாத்தா வித்தையக் காட்டுறியா"ன்னு சிரித்தாராம். வருகிற திங்கட்கிழமைக்குள் மன்னிப்பு எழுதித் தராவிட்டால் வேலை கிடையாதாம். இவள் எழுத மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். வாசலில் பைக் நின்றாலே கம்பெனி ஆளோ என்று உன் அம்மா ஓடிப்போய்க் கதவைச் சாத்துகிறாள்.

தம்பி, தாத்தா கதை அந்தப் பெண்கள் யாருக்கும் தெரியாது. வட்டம் இனியா யோசனை என்று உனக்கு மட்டும்தான் நான் போனில் சொன்னேன். உனக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தது அந்த மேனேஜரின் மச்சான். மிரட்டிக் கேட்டார்களா, பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாயா, தெரியாது. யாருப்பா சொல்லியிருப்பாங்கன்னு இவள் அழுதபோது, டீக்கடையில நான்தான் ஒளறிட்டேம்மா என்றேன். நாலு நாளாக என்னோடு பேசுவதில்லை, தட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

தாத்தாவையும் அந்த வட்டம் காப்பாற்றவில்லை. பிரெஞ்சுக்காரனின் சொல்தா சிப்பாய்கள் துப்பாக்கியோடு நேரே வீட்டுக்கு வந்து இழுத்துப் போனார்கள், ஜெயிலிலிருந்து கால் உடைந்து திரும்பினார். காட்டிக்கொடுத்தது யாரென்று தெரிந்தும் சாகும்வரை அவர் வாய் திறக்கவில்லை. அவர் செத்த அன்று கூடப்பிறந்த தம்பிதான் பாடையைப் பிடித்துக்கொண்டு, மேஸ்திரி வேலைக்கு ஆசப்பட்டுச் சொல்லிட்டேண்ணேன்னு தெருவே கேட்க அழுதார். கேட்க வேண்டியவர் காதில் அது விழவில்லை.

நீ அதுவரை காத்திருக்காதே. ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூப்பிட்டு உன் வாயால் சொல். திட்டுவாள், திட்டட்டும். திங்கட்கிழமை அவர்கள் எல்லோரும் கம்பெனி வாசலில் உட்காரப் போகிறார்கள், போலீஸ் வரும் என்கிறார்கள். நானும் போவேன்.

எவ்வளவு கோபம் இருந்தாலும் நீ என் பிள்ளை, நோய்நொடி இல்லாமல் நூறு வயது இரு. வேளைக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமையை மட்டும் மறந்துவிடாதே. என் பெண் என்னோடு பேசாமலே அங்கே போய் உட்காரக் கூடாது.

இப்படிக்கு,
அப்பா முருகையன்