பன்னிரண்டாம் எண் சட்டை

டொலிடோ, ஒஹாயோ
டிசம்பர் 23, திங்கட்கிழமை

அன்புத் தம்பி டாரியலுக்கு,

உன் சட்டையில் ஒட்டிய புல்லையும் சேற்றையும் ஆறு வருடமாகத் துவைத்து எடுக்கும் டெல்மர் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். பதினைந்து ஆட்டத்தில் பதினான்கு தோற்றவர்கள் எவ்வளவு சுகமாக இருக்க முடியுமோ அவ்வளவு சுகம். லூசியானாவில் உங்களுக்கு இன்னும் குளிரே வரவில்லையாமே. இங்கே ஏரிக்காற்று காதைத் தனியாகக் கழற்றிக்கொண்டு போகிறது.

போனைப் பார்த்தால் உனக்குத் தலை சுற்றுகிறது என்று சிமோன் சொன்னாள். அதனால்தான் பேனா பிடித்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் உறவு முறிந்துபோயிற்று. பிழை இருந்தால் பொறுத்துக்கொள். கண் கூசினால் உன் பெண்டாட்டியைப் படிக்கச் சொல். சிமோன், உன்னைக் கிண்டல் செய்யும் இடம் எங்கேயாவது வந்தால் தாண்டாமல் படி.

முதலில் அணிச் செய்தி. பந்து எறியும் உன் இடத்துக்கு வேட் கில்ஸ்ட்ராப்பைக் கூட்டி வந்திருக்கிறார்கள். வயது முப்பத்தொன்பது. ஆட்டத்தை விட்டு மூன்று வருடமாகி, மகள் படிக்கும் பள்ளியில் பெண்களுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். தலைக்கவசத்துக்கு அளவு எடுக்கும்போது, "மெதுவா மாட்டுய்யா, மொத்தமே பத்து முடிதான் மிச்சம்" என்றான். நல்ல மனுஷன். அவன் எறிந்த பந்து போய்ச் சேர்வதற்குள் நான் ஒரு சாண்ட்விச் தின்று கை துடைத்துவிடலாம். உனக்கு அடுத்து எறிகிற நீலுக்குக் கட்டைவிரல் முறிந்தது உனக்குத் தெரியும். வேட்டும் இல்லை என்றால் மிச்சம் இருப்பது டெக்சஸில் கல்லூரி அணிக்கு ஆடிக்கொண்டிருக்கும் அந்தப் பையன்தான். நாம் கடைசி இடத்தில் முடித்தால் ஏப்ரலில் கல்லூரிப் பிள்ளைகளில் முதல் ஆளை எடுக்கும் உரிமை நமக்கு. அதனால் ஊரே தோல்வி வேண்டிப் பிரார்த்தனை செய்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பாதிப் பேர் காகிதப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்திருந்தார்கள். கண்ணுக்கு இரண்டு ஓட்டை, பீருக்கு ஒன்று. வேட் எப்படியோ ஒரு பந்தை எல்லைக்குள் சேர்த்துவிட்டான். யாரும் கைதட்டவில்லை. என் முதுகுக்குப் பின்னால் ஒரு பை கத்தியது: "டேய் கெழவா, ஜெயிச்சுக் கியிச்சுத் தொலைச்சிடாத! ஏப்ரல்ல பையன் கை நழுவிப் போயிடும்!" பழைய டெல்மராக இருந்தால் அந்தப் பைக்குள் இருக்கும் தலையைப் பற்றி நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். நான் துண்டு மடித்துக்கொண்டிருந்தேன். கோபமும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட ஈறு மாதிரி இருக்கிறது உள்ளே. பெர்னாடெட் கேட்கிறாள், "என்னய்யா, மூணு நாளா வீட்டுல ரேடியோ ரிப்பேரா?" என்று. இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக நான் அவள் சமையலைக் குறை சொல்லாமல் சாப்பிட்டேன். அதற்கே பயந்துபோனாள்.

போன வாரம் நீ பேசியதை நான் மறக்கவில்லை. "டெல், சட்டையத் தேய்ச்சு வை. கடைசி ரெண்டு ஆட்டத்துக்கு வந்துருவேன். அது ரெண்டும் நல்லா ஆடிட்டா வசந்தத்துல வேற அணிக்காரன் எவனாவது கூப்பிடுவான். இல்லேன்னா என்னை யாருக்கு ஞாபகம் இருக்கும்?" என்றாய். சரி என்றேன். ஐந்து நிமிடப் பேச்சில் என் நாய் எப்படி இருக்கிறது என்று மூன்று முறை கேட்டாய். மூன்று முறையும், நன்றாக இருக்கிறது என்றேன்.

வியாழக்கிழமை டாக்டர் வைன்ட்ராப் உன்னை ஆட விடுவதா வேண்டாமா என்று முடிவு சொல்கிறார் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கோச் ஹலோரன் வெள்ளிக்கிழமை என்னிடம் வந்து, "அந்த எட்டாம் நம்பர் அலமாரியக் காலி பண்ணுய்யா. வேட் எத்தன நாள் நாற்காலி மேல துணியப் போட்டுக்கிட்டு இருப்பான்?" என்றார். காலி பண்ண வேண்டியவன் நான்தானே. உன் பெயர்ப்பலகையைக் கழற்றவில்லை. அதன் மேலேயே வெள்ளை டேப் ஒட்டி வேட்டின் பெயரை எழுதினேன். பிறகு எல்லாவற்றையும் பெட்டியில் போட்டேன். இரண்டு ஜோடி காலணி, முட்டை மேல் கொட்டிக்கொள்ளும் உன் மிளகாய்ச் சாறு பாட்டில், சிமோன் பின்னியதாக நீ சொன்ன, யாரும் தலையில் வைக்க முடியாத அந்தத் தொப்பி.

கதவின் உள்பக்கம் ஒரு போட்டோ ஒட்டியிருந்தது. உங்கள் ஊர்ப் பள்ளிக்கூட அணி. முன்வரிசையில் முழங்காலிட்டு ஒரு பையன், உடம்பில் காது மட்டும்தான் வளர்ந்திருந்தது. நீதான். சட்டையில் எண் பன்னிரண்டு.

நான் அந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நவம்பர் கடைசி ஞாயிறு உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. அதனால் எழுதுகிறேன். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் எதிரணிக்காரர்கள் உன்னை முதுகுப்பக்கமாகத் தள்ளினார்கள். தலை தரையில் பட்டது. நீயாகவே எழுந்தாய். நம் ஆட்கள் ஓடி வந்து கிழமை கேட்டார்கள், சொன்னாய். ஊர் கேட்டார்கள், சொன்னாய். சரி என்று விட்டார்கள். இடைவேளையில் நீ நான் துணி கொடுக்கும் ஜன்னலுக்கு வந்தாய். உன் எட்டாம் எண் சட்டை உடம்பில் இருக்கும்போதே கேட்டாய், "டெல், என் பன்னெண்டாம் நம்பர் சட்டை எங்க?"

நாம் இருவரும் ஆறு வருடமாக ஒருவரை ஒருவர் ஏய்த்துக்கொண்டிருக்கிறவர்கள். நீ என் காலணிக்குள் பனிக்கட்டி போட்டவன். இதுவும் ஏதோ விளையாட்டு என்று நினைத்தேன். வாயில் வந்த கிழமையைச் சொல்லி, "துவைக்கப் போட்டிருக்கேண்டா, வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்க" என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. "சரி, வெள்ளிக்கிழமை" என்று சொல்லித் தலையாட்டிவிட்டுப் போனாய். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆடுவது வெள்ளிக்கிழமைதானே.

பத்து நிமிடம் கழித்து அந்த இன்னொரு அடி. நீ எழுந்திருக்கவில்லை.

இத்தனை நாளும் எல்லோரும் மூளைக்குப் பட்டது கடைசியில் விழுந்த அந்த ஒரே அடி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். டாக்டரும் அப்படித்தான் எழுதி வைத்திருந்தார். ஒன்று என்றால் ஓய்வெடுத்துத் திரும்பி வரலாம். முதல் அடியிலேயே நீ பள்ளிக்கூட நாளுக்குப் போய்விட்டாய், அதன் மேல் இரண்டாவது விழுந்தது என்றால் அது வேறு கதை. இந்த உலகத்தில் அது ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் அதற்கு ஜோக் அடித்தான்.

இன்று காலை டாக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். போட்டோவையும் காட்டினேன். "இத ஏன் டெல்மர் இவ்வளவு லேட்டா சொல்றீங்க?" என்று கேட்டார். எனக்கே இப்போதுதான் தெரியும் என்றேன். அவர் கோப்பைத் திறந்து நீளமாக எழுதினார். எழுதி முடித்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அந்த முகம் இரண்டு ஆட்டத்தைப் பற்றி மட்டும் யோசிக்கிற முகமாக இல்லை. நான் வெளியே வந்து துண்டு மடித்தேன். எத்தனை மடித்தேன் என்று தெரியாது, இருந்த அலமாரியெல்லாம் நிறைந்துபோயிற்று.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அவர் போன் செய்து முடித்திருப்பார். நீ யார் சொன்னது, யார் சொன்னது என்று கேட்டிருப்பாய். ஹலோரன் இல்லை. வேட் பாவம், அவனும் இல்லை. நான். உன்னைக் கேட்கவில்லை, சிமோனைக் கேட்கவில்லை. கேட்டால் நீ வேண்டாம் என்பாய், நானும் சரி என்பேன். உனக்குச் சரி சொல்லிச் சொல்லியே பழகிவிட்டேன்.

சிமோன், இதற்கு மேல் அவனிடமே கொடுத்துவிடு அம்மா. மெதுவாகப் படிக்கட்டும்.

தம்பி, என்னைத் திட்டி எழுது. மன்னிப்பெல்லாம் நான் கேட்கவில்லை, நீ கொடுத்தாலும் எனக்கு வைக்க இடமில்லை. திட்டு. சிமோன் எழுதக் கூடாது, நீயே உன் கையால் எழுத வேண்டும். நான் செய்த ஒவ்வொன்றையும், வந்த நாளிலிருந்து, வரிசை மாறாமல், ஒன்றுகூட மறக்காமல் எழுதித் திட்டு. எத்தனை பக்கம் ஆனாலும் சரி. எத்தனை நாள் ஆனாலும் சரி.

கடவுள் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும்.

உன் வசைக்குக் காத்திருக்கும்,
டெல்மர் கோசிக்