ரோமில் எடுத்த படம்

என்னங்க,

கீமோவுக்குக் கிராப் காரில் போகிறேன். உங்களை எழுப்பவில்லை. ரசம் அடுப்பில் இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடுங்கள். எனக்கு மாலை போட, ரோமில் நீங்கள் எடுத்த படமே போதும் என்றதற்கு, நேற்றுத் தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்துவிட்டீர்கள். நல்ல படம்தானே அது?

சாயங்காலம் கிள்ளானிலிருந்து உங்கள் தங்கை மகள் தாமரை, மாப்பிள்ளையோடு வருகிறாள். ஐரோப்பாவில் எங்கெங்கே போகலாம் என்று கேட்பாள். பாரிஸ் கோபுரத்துக்குக் காலையிலேயே போகட்டும். வெனிஸில் படகு ஏறட்டும். எந்த ஊரிலும் யாரிடமாவது போனைக் கொடுத்துச் சேர்ந்து நிற்கச் சொல்லுங்கள். "குடுத்தா தூக்கிட்டு ஓடிருவான் லா" என்று என்னிடம் சொன்னதை அவர்களிடமும் சொல்லாதீர்கள்.

பி.கு.: நாம் இரண்டு பேரும் சேர்ந்து நிற்கிற படம் ஒன்றுகூட இல்லை. நான் வரும்வரை தாமரையை இருக்கச் சொல்லுங்கள். உங்கள் போனை அவளிடம் கொடுங்கள். அவள் ஓடமாட்டாள்.